ஒரு தாளக்கட்டும் பல குரல்களும்



ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில் 'ரிடிம்' என்றொரு சொல் வழங்குகிறது. தாளத்தைக் குறிக்கும் 'ரிதம்' என்னும் ஆங்கிலச் சொல், அத்தீவின் கிரியோல் மொழியில், பல்லிடை உரசொலி அடைப்பொலியாகத் திரிந்து இவ்வுருவை அடைந்தது. பொருளும் உடன் திரிந்தது. ரிடிம் வெறுந்தாளமன்று, டிரம் ஒலியும் பேஸ் இழையும் இணைந்து, குரல் ஏறுவதற்கு முன்பே உருப்பெற்றுவிட்ட இசைத்தளம். அதற்குத் தனிப்பெயரும் உண்டு.

'ஸ்லெங் டெங்' என்னும் ரிடிமை எடுத்துக்கொள்வோம். 1985இல் கிங்ஸ்டனில் கிங் ஜாம்மி தயாரிக்க, வேய்ன் ஸ்மித் அதன்மேல் முதலிற் பாடினார். அதன் மூலம், கேசியோ எம்.டி.-40 என்னும் சிறு விசைப்பலகையிலேயே பதிந்திருந்த தாளம். அதனை அமைத்தவர் ஹிரோக்கோ ஒக்குடா என்னும் ஜப்பானியப் பெண்மணி. அதே தளத்தில் டெனர் சா பாடினார். ஜானி ஆஸ்போர்ன் பாடினார். பின்னர் எத்தனையோ பேர் பாடினர். சொல்லும் மெட்டும் அவரவருடையவை.

நம் மரபில் இதற்கு நேர் எது? பாரதியார் தம் அரசியற் பாடல்கள் சிலவற்றை, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் மெட்டில் இயற்றினார். எந்தப் பாட்டின் வர்ணமெட்டு என்பதையும் குறித்தார். அங்கே மெட்டு நிற்கச் சொல் மாறுகிறது. ரிடிமிலோ மெட்டும் மாறுகிறது. ஆதலின் அது மெட்டைவிட யாப்புக்கே நெருக்கம் என்பது நம் கருத்து. வெண்பா எவர்க்கும் உரியதன்றோ!

ஆயினும் யாப்பைப் போல் ரிடிம் ஆளற்றதன்று. 1989இல் ஸ்டீலி, கிளீவி என்னும் இருவர் 'ஃபிஷ் மார்க்கெட்' என்னும் ரிடிமை உருவாக்கினர். அதே தாளத்தில் ஷாபா ராங்ஸ் 'டெம் போ' என்னும் பாட்டைப் பாடினார். 'அவர்கள் பணிகிறார்கள்' என்பது அத்தொடரின் நேர்ப்பொருள். ஸ்பானிய மொழியில் அது 'டெம்போ' என ஒரே பெயர்ச்சொல்லாகி, பாட்டை விட்டுத் தாளத்தையே குறிக்கலாயிற்று. ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கையாளலாம், மாணவர் உறங்கார். ரெகேடன் இசையின் முதுகெலும்பு அத்தாளமே.

2021இல் கிளீவியும், மறைந்த ஸ்டீலியின் உரிமையாளரும் கலிபோர்னியாவில் ரெகேடன் கலைஞர் பலர்மீது வழக்குத் தொடுத்தனர். இது எவரும் தனியுரிமை கோரவியலாப் பொதுத்தாளம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். யாப்பு என்று நாம் மேலே கூறியது அவ்வாதத்திற்குத் துணைபோவது போலத் தோன்றலாம். தோன்றட்டும். ஆனால் ஜமைக்கா வழக்கில் பல பாடகர் ஒரு தளத்தைப் பகிரும்போது, அதன் பெயரும் பாட்டோடு செல்கிறது. இன்ன ரிடிமில் அமைந்தவை என ஒரே பெயரின்கீழ்த் தொகுப்புகளும் வெளிவருகின்றன. கேட்போர்க்கு மூலம் தெரியும். பாரதியார் வர்ணமெட்டைக் குறித்ததும் இவ்வகையதே. உரிமைத்தொகை எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். பெயரைச் சொல்வதற்கு எந்த நீதிமன்றமும் வேண்டியதில்லை.