மரபு நடையும் நம் பள்ளிவாசலும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

 வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. உள்ளே தேக்சாவின் மணமும் வரத் தொடங்கிவிட்டது. ஆகவே சுருங்கப் பேசவே விழைகிறேன்.

நம் பகுதி வரலாற்று ஆர்வலர் சங்கத்தார், வரும் ஆகஸ்டில் மெட்ராஸ் தினத்தையொட்டி நடத்தவிருக்கும் மரபு நடையில் நம் பள்ளிவாசலையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்துள்ளனர். நிர்வாகக் குழுவில் இரு வேறு கருத்துகள் எழுந்தமையால் அது இப்பொதுக்குழுவின் முன் வைக்கப்பட்டுள்ளது. அவர்களுடைய நடைகள் சிலவற்றில் கலந்துகொண்டவன் என்ற முறையில் என்னைப் பேசப் பணித்தார்கள்.

1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு இக்கடற்கரையில் நிலம் வழங்கப்பட்டதை நினைவுகூரும் நாளே மெட்ராஸ் தினம். எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசூசா ஆகியோரின் முயற்சியால் 2004ஆம் ஆண்டு இது தொடங்கியது. அந்தந்தப் பகுதி ஆர்வலர்களே தத்தம் செலவில் நடை, சொற்பொழிவு, பழைய புகைப்படக் கண்காட்சி, வினாடி வினா என்று நடத்துகின்றனர். கம்பெனிக்காரன் கால் வைத்த நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்ற மனத்தாங்கல் எனக்கும் உண்டு. திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் கம்பெனிக்குப் பன்னூறு ஆண்டுகள் மூத்தவை அல்லவா? ஆயினும் அந்நாளின் பெயரால் மக்கள் தம் தெருவைத் தாமே நடந்து பார்க்கிறார்கள் என்பதால் அம்மனத்தாங்கலை ஒதுக்கி வைத்தேன்.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சுற்றி, வரலாற்று ஆய்வாளரும் ‘யாதும்’ ஆவணப்படத்தின் இயக்குநருமான கோம்பை எஸ். அன்வர் போன்றோர் இத்தகைய நடைகளை நடத்தி வருகின்றனர். 1795இல் கருங்கல்லால் எழுப்பப்பட்ட அப்பள்ளியில் நானும் எத்தனையோ ஜும்ஆ தொழுதிருக்கிறேன். அங்குள்ள பாரசீகக் கல்வெட்டைக் கண்டதுண்டு, கவனித்ததில்லை. அதை எனக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு மரபு நடைதான்.

அதிலுள்ள ‘திக்ருல்லாஹி அக்பர்’ என்ற சொற்றொடர் பள்ளி எழுந்த ஆண்டைத் தனக்குள் வைத்திருக்கிறது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் அப்ஜத் முறையில் ஓர் எண்மதிப்பு உண்டு. தால் 700, காஃப் 20, ரா 200, ஆக 920. அல்லாஹ் என்ற திருப்பெயருக்கு 66. அக்பர் என்பதற்கு 223. கூட்டினால் 1209. அதுவே ஹிஜ்ரி ஆண்டு. இதை இயற்றியவர் நவாபின் அரசவையில் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகன். பாரசீகம் கற்ற ஓர் இந்து, இறைவனை நினைவுகூர்வதே மிகப் பெரிது என்ற பொருள்படும் சொற்களில் பள்ளியின் வயதைப் பொதித்து வைத்தார். அவ்வளாகத்திலேயே லக்னோவிலிருந்து வந்து சென்னையில் 1810இல் மறைந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். அன்று என்னருகே நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, முஸ்லிம் அல்லாத பெண், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு அவ்வெண்களைத் தன் குறிப்பேட்டில் கூட்டிச் சரிபார்த்தாள். நானோ வீட்டுக்கு வந்த பிறகே கூட்டிப் பார்த்தேன்.

மாற்று மதத்தார் பள்ளிக்குள் வரலாமா என்பது சிலருடைய ஐயம். ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே இங்குப் பேசுகிறேன். நஜ்ரான் கிறிஸ்தவர்களின் தூதுக்குழுவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுன் நபவியில்தான் வரவேற்றார்கள். தகீஃப் கூட்டத்தார் இஸ்லாத்தைத் தழுவும் முன்பே அப்பள்ளியில் தங்கவைக்கப்பட்டார்கள். ஹனஃபி மத்ஹபில் இதற்குத் தடையில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஹரம் ஷரீஃப் நீங்கலாக ஏனைய பள்ளிகளில் முஸ்லிம்களின் அனுமதியுடன் வரலாம். அனுமதி தருவதும் மறுப்பதும் நம் கையில் உள்ளது. அதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

‘வந்து பார்த்துவிட்டுப் போய் என்ன எழுதுவார்களோ’ என்பது இன்னொரு தயக்கம். இது நியாயமான கவலைதான். ஆனால் நாம் சொல்லாவிட்டால் வெளியே நின்று ஊகித்து எழுதுவார்கள். நம்மைப் பற்றி நாம் சொல்ல என்ன வைத்திருக்கிறோம் என்பதே என் கவலை.

இந்த இடத்தில் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு பள்ளியைப் புதுப்பித்த குழுவில் நானும் ஓர் உறுப்பினன். ஹவுளின் மேற்குச் சுவரில் ஒரு கல் பலகை இருந்தது. இடம் கொடுத்தவர் பெயரும் நாற்புற எல்லையும் அதில் வெட்டப்பட்டிருந்ததாக முதியவர்கள் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் தேய்ந்திருந்தது, பார்வைக்கு அழகாகவும் இல்லை. அதன் மேல் ஓடு பதிக்கலாம் என்ற தீர்மானத்தில் என் கையொப்பமும் இருக்கிறது. ஒரு புகைப்படம் எடுத்து வைக்கவேனும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 2025ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத் திருத்தத்திற்குப் பின், ‘உமீத்’ இணையதளத்தில் சொத்து விவரங்களைப் பதிவேற்ற நம் செயலாளர் இரவு பகலாகப் பழைய தாள்களைத் தேடியலைந்தபோது, அந்தப் பலகை என் நெஞ்சில் வந்து நின்றது. அவர் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை.

மதுரை கோரிப்பாளையம் தர்காவில் 1573ஆம் ஆண்டு வீரப்ப நாயக்கர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பள்ளிக்குப் பாண்டிய மன்னன் விட்ட நிலங்கள் குறித்து வழக்கு எழுந்தபோது, நாயக்கர் அவ்வுரிமையை உறுதி செய்த செய்தியை அது தாங்கி நிற்கிறது. இந்து மன்னர் இருவரின் சொல் அக்கல்லில் இருப்பதால், அந்த உரிமையை இன்றைக்கும் படித்துக் காட்ட முடிகிறது. நம் கல் ஓட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே சங்கத்தாருக்கு அனுமதி வழங்கலாம் என்பது என் கருத்து. லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரமாக இருக்கட்டும். தொழுவோரைப் படம் எடுக்க வேண்டாம். காலணி, தலைமறைப்பு பற்றி முன்கூட்டியே அவர்களுக்கு எழுதிவிடலாம். பெண்களுக்குத் துப்பட்டாக்கள் சில தயாராக இருக்கட்டும். வெயிலில் நடந்து வருபவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுக்கலாம். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். நம் தரப்பில் பேச மதரஸாப் பிள்ளைகள் இருவரை இப்போதே பழக்க வேண்டும்.

பதிலுக்கு அவர்களிடம் ஓர் உதவி கேட்டுள்ளேன். கல்வெட்டுப் படியெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்களிடையே உண்டு. கொத்தனாரை வைத்து அந்த ஓடுகளைப் பையப் பெயர்த்தால் பலகை எந்த நிலையில் இருக்கிறதென்று வந்து பார்க்க இசைந்திருக்கிறார்கள். பலகை உடைந்திருக்கவும் கூடும். துணிந்து பார்க்க ஜமாஅத்தின் ஒப்புதல் வேண்டும்.

மையவாடியின் மீஜான் கற்களையும் அப்போதே படம் பிடித்துவிடலாம். அலமாரியிலுள்ள பழைய நிக்காஹ் தஃப்தர்கள் அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. நம் மஹல்லாவில் அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிப்பவர்கள் எனக்குத் தெரிந்து மூவரே உள்ளனர். மூவரும் எழுபதைக் கடந்தவர்கள். அலமாரிச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் அம்மூவரும் அலுவலக அறையில் அமர ஒப்புக்கொண்டுள்ளார்கள். உடனிருந்து எழுதிக்கொள்ள, கையெழுத்து நன்றாக உள்ள இளைஞர்கள் நால்வர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.