ஐந்தாம் மாடிக்கு ஒரு றாத்தல் பாண்

நல்ல சமாரியன் கதை நமக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, அதிலுள்ள சின்ன விபரங்கள் காதில் விழுவதேயில்லை. அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மிச்சச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். எரிகோ வீதியில் கள்வரை அவன் ஒழிக்கவில்லை. அது அவனால் ஆகிற காரியமுமல்ல. ஆனாலும் இயேசு நமக்குச் சுட்டிக்காட்டிய ஆள் அவன்தான்.

அவனைப் போன்றவர்களை நாமும் கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை நேரம் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டியவிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் அதே காலை அதே கொடுமை. ஊரே நடுங்கிப்போன அன்று நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்கு முன்னால் நீண்ட வரிசை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், எல்லோரும் நின்றார்கள். பேச என்ன இருந்தது? சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்கள். வீட்டுக்குள் செய்வதறியாது தவித்தவர்களுக்குக் கையை நீட்ட ஓர் இடம் கிடைத்தது. நம்பிக்கையோடு அங்கே போனவர்கள் குறைவாகத்தான் இருக்கும். வரிசையில் நின்றபோது கொஞ்சம் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கடற்படையினர் திருத்திக் கொடுக்க, கொச்சிக்கடைக் கோயில் அதே ஆண்டு ஜூன் 12ஆம் திகதி மீண்டும் திறந்தது. மறுநாள் அந்தோனியார் திருநாள். அந்தப் படுகொலைக்கு நீதி வேண்டும் என்று பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறார். கேட்கத்தான் வேண்டும். இரக்கத்தைக் காட்டி நீதிக் கணக்கைத் தீர்த்துவிட முடியாது.

இனி நம்முடைய வெள்ளவத்தைக்கு வருவோம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எத்தனை தொடர்மாடிகள்! பிள்ளைகள் லண்டனில், ரொறன்ரோவில். தாய் தகப்பன் ஐந்தாம் மாடியில். காசு வருகிறது. ஆனால் கரண்ட் போய் லிப்ட் நின்றால், பாண் வாங்க இறங்க முடியாது. "அன்ரி, கடைக்குப் போறன், என்ன வேணும்?" என்று கேட்க எவ்வளவு நேரம் செல்லும்? பாணையும் பிரஷர் குளிசையையும் கொடுத்தவுடன் ஓடிவந்துவிடாதீர்கள். போனில் வந்த பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுவார். நேற்றுக் காட்டிய அதே படம்தான். பாருங்கள்.

உணவில்லாதவனைப் பார்த்து, சமாதானமாய்ப் போ, பசியாறு என்று வாயால் வாழ்த்தி அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபின் திருமுகம் கேட்கிறது. இன்று நாம் வாட்ஸ்அப்பில் இரண்டு கூப்பிய கைகளை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். ஜெபியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? பக்கத்து வீட்டு மணியையும் ஒருக்கால் அடியுங்கள்.

தனியே இருந்து இதைக் கேட்கிற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கதவைத் தட்டுகிற பிள்ளையிடம், "ஒண்டும் வேண்டாம் மோனே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கையை நீட்ட ஓர் இடம் தேடித்தான் அதுவும் வந்திருக்கும். ஒரு நெருப்புப்பெட்டியாவது வாங்கிவரச் சொல்லுங்கள்.