மேகம் கறுக்கும்போது

வானம் பார்த்த பூமி, நம் சங்கரன்கோவில். மேகம் கறுத்தால் மகிழ்ந்த நாம், 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அஞ்சவும் செய்கிறோம். அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். வெள்ளத்துக்கு நடுவிலும் பக்கத்துப் புதுக்குடி மக்கள், வீட்டில் இருந்ததைச் சமைத்துப் பசியாற்றினார்கள்.

புயலில் சீடர்களும் அஞ்சினார்கள்; அச்சத்தை மறைக்காமல் ஆண்டவரை எழுப்பினார்கள் (மாற்கு 4). நாமும் மறைக்க வேண்டாம். இந்த வார அன்பியக் கூட்டத்தில் நம் பயத்தை வாய்விட்டுச் சொல்வோம். தெருவில் தனியாக வாழும் முதியவர்கள் யார், மழை வலுத்தால் அவர்கள் கதவை யார் தட்டுவது என்று இப்போதே பேசிவைப்போம். அஞ்சும் உள்ளங்களை ஆண்டவர் திடப்படுத்துவாராக. ஆமென்.