நிலவறைத் தூணும் மரப்போர்வையும்

குளிர்நாட்டு வீட்டுக்கும் வெப்பநாட்டு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு கூரையிலும் சுவரிலும் மட்டும் அமைந்ததன்று. நிலத்தின் கீழும் அமைந்ததாகும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும், ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதிகளிலும், பனிக்காலத்திலே மண்ணினுள் உள்ள நீர் உறைந்து பருக்கின்றது. அவ்வாறு பருக்கும்போது தன்மேல் நிற்கும் அத்திவாரத்தையும் மேலே தள்ளிவிடுகின்றது. ஆதலின், உறைபனி சென்று எட்டாத ஆழத்தில் அத்திவாரம் இடுதல் அந்நாடுகளில் விதியாயிற்று. ரொறன்ரோ நகரப் பகுதியில் இவ்வாழம் ஏறக்குறைய 4 அடியாகும். நான்கடி தோண்டியே தீரவேண்டுமாயின், மேலும் சில அடி தோண்டி வீட்டின் அடியிலே ஓர் அறையையும் பெற்றுக்கொள்ளலாம் அன்றோ? நிலவறை தோன்றிய வரலாறு இதுவே.

நேயர்களே, இந்த நிலவறை நம்மவர்க்கு முற்றிலும் அன்னியமான இடமன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையினின்றும் கனடா சென்ற தமிழ்க் குடும்பங்களுட் பல, தம் புதுவாழ்வை 'பேஸ்மன்ற்' என்று வழங்கும் இத்தகைய அறைகளிலேதான் தொடங்கின. அங்கிருந்து எழுதப்பெற்ற கடிதங்களில் அச்சொல்லைப் படித்தறியாத வீடு வடபகுதியில் அரிது. அவ்வறையுள் இறங்கியவர் கண்ணில் முதலிற் படுவது, நடுவிடத்தே நிற்கும் ஓர் இரும்புத் தூண். மூன்று அல்லது நான்கு அங்குல விட்டமுள்ள உருக்குக் குழாய். சாம்பல் நிறமோ செந்நிறமோ பூசப்பெற்றது. எவ்வித அழகும் அற்றது. நாற்காலி போட்டால் அது இடிக்கும். பிள்ளைகள் ஓடினால் அதிலே மோதுவர். இதனை அகற்றிவிடலாகாதா என்று எண்ணாத குடியிருப்பாளர் இலர்.

அகற்றலாகாது. ஏன் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு மரக்கட்டையை இருவர் தோளில் வைத்துச் சுமந்தால், ஒவ்வொருவரும் அதன் நிறையிற் பாதியைத் தாங்குவர். இனி, இரண்டு கட்டைகளை நுனியோடு நுனி வைத்து மூவர் சுமப்பதாகக் கொள்வோம். ஓரத்தில் நிற்பவர் இருவரும் ஒவ்வொரு கட்டையிற் பாதியையே தாங்குவர். நடுவில் நிற்பவரோ இரு கட்டைகளின் நுனிகளையும் தாங்குவர். மொத்தச் சுமையிற் பாதி அவர் தோள்மேல் விழும். அந்த வீட்டின் அமைப்பும் இத்தகையதே. இருபுறச் சுவர்களினின்றும் வரும் தளமரங்கள், நடுவே நீளப் போகும் ஒரு பெரிய உத்தரத்தின்மேல் வந்து தங்குகின்றன. ஆகவே, தளத்தின் சுமையில் ஏறக்குறையப் பாதி அவ்வுத்தரத்தைச் சாரும். சுவர்கள் ஒவ்வொன்றும் காற்பங்கையே ஏற்கும். உத்தரம் ஏற்ற அப்பெருஞ்சுமையை நிலத்துக்கு இறக்குவன இந்த இரும்புத் தூண்களே. கட்டிலும் பெட்டகமும், விருந்துக்கு வந்து கூடும் உறவினரும், யாவரும் ஒரு பங்கில் இவற்றின்மேலேயே நிற்கின்றனர்.

மெலிந்த குழாய் இவ்வளவு பாரத்தை எவ்வாறு தாங்குகின்றது என்று சிலர் வியப்பர். நெடிய தூண் ஒன்று நசுங்கிக் கெடுவதினும் வளைந்து கெடுவதே பெரும்பான்மை. இதனைக் கணக்கிட்டுக் காட்டியவர் சுவிற்சலாந்திற் பிறந்த கணித மேதை லெயொன்ஹாட் ஒயிலர். காலம் 1744ஆம் ஆண்டு. ஒரே பருமனுள்ள நெடுந்தூண்கள் இரண்டினுள், ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு உயரமாயின், அது தாங்கக்கூடிய சுமை பாதியாவதன்று, நாலிலொன்றாகும் என்பது அவர் கணக்கினின்றும் பெறப்படும் முடிபு. மேலும், வளைவதற்கு எதிர்நிற்கும் வலிமை, பொருள் நடுவில் திரண்டிருப்பதினும் புறத்தே விலகி நிற்கும்போது மிகும். குழாய் வடிவின் சிறப்பு இதனாலேயே. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்கராகிய ஜோன் லாலி என்பார் உருக்குக் குழாயினுள்ளே கொங்கிறீற்றுக் கலவையை நிரப்பித் தூண் செய்தார். அது வளைதலைக் குறைத்தது; தீ மூண்ட காலத்தில் சூடேறுவதையும் தாமதிக்கச் செய்தது. இன்றும் அவ்வகைத் தூணை அவர் பெயராலேயே அமெரிக்கர் அழைக்கின்றனர்.

அகற்றலாகாத ஒன்றை அழகுசெய்தல் மனிதர் இயல்பு. இத்தூண்களைச் சுற்றி மரத்தாலாகிய உறை அமைத்து, அடியிற் பீடமும் முடியிற் போதிகையும் வைத்து, பழைய மாளிகைத் தூண்போல் தோன்றச் செய்யும் வழக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவியுள்ளது. இது போலி என்பர் ஒரு சாரார். தாங்குவது இரும்பாயிருக்க, தாங்குவதுபோல மரத்தைக் காட்டுதல் பொய் என்பது அவர் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. எனினும் கட்டடக்கலை வரலாற்றை நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும்.

கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவிலே, கிறித்துவுக்கு முன் ஏறக்குறைய 600ஆம் ஆண்டளவில் எழுந்த ஹீரா தேவியின் கோயில் இன்றும் சிதைவுற்று நிற்கின்றது. அதன் கற்றூண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பருமனிலும் முடியின் வடிவிலும் வேறுபடுகின்றன. முதலில் அங்கு நின்றவை மரத்தூண்கள் என்றும், அவை பழுதுற்றபோதெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றூண் மாற்றப்பட்டது என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பௌசானியஸ் என்னும் யாத்திரிகர், பின்னறையில் ஓக் மரத்தூண் ஒன்று அப்பொழுதும் நின்றதாக எழுதிவைத்துள்ளார். கிரேக்கக் கற்கோயில்களின் உத்தரப்பகுதியிற் காணும் சில அலங்காரங்கள், பழைய மரவேலையில் வெளித்தோன்றிய விட்டங்களின் முனைகளைப் பின்பற்றியவையே என்று உரோம நாட்டு விற்றூவியஸ் என்னும் கட்டட அறிஞரும் கூறியுள்ளார். மரத்தின் உருவைக் கல் ஏற்றது.

இவ்வியல்பு இலங்கையிலும் காணப்படுவதே. கண்டி அரசவை மண்டபத்தின் சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்களை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அம்மண்டபத்தை மாதிரியாகக் கொண்டு கொழும்பிலே சுதந்திர நினைவு மண்டபம் எழுந்தபோது, மரத்தின் வடிவத்தைக் கொங்கிறீற்று ஏற்றுக்கொண்டது.

நியூயோர்க் நகரிலே 1958ஆம் ஆண்டு நிறைவுற்ற சீக்ரம் மாளிகையின் செய்தி இன்னும் சுவையானது. 38 மாடிகள் கொண்ட அக்கட்டடத்தை வகுத்தவர் மீஸ் வான் டெர் ரோ. கட்டட உண்மை மறைக்கப்படலாகாது என்ற கொள்கையாற் பெயர் பெற்றவர். ஆயினும், உருக்குத் தூண்கள் தீயினின்றும் காக்கப்படுமாறு கொங்கிறீற்றால் மூடப்படல் வேண்டும் என்பது நகரச் சட்டம். உருக்கோ வெளியே தோன்றாது. அவர் செய்தது யாதெனில், உருக்கு உத்தரத்தின் வடிவிலே வெண்கலச் சட்டங்களைச் செய்வித்து, கட்டடத்தின் புறத்தே நிரையாகப் பொருத்தியமையே. அவை மாடிகளின் சுமையைத் தாங்குவனவல்ல. உள்ளே தாங்குவது எதுவென்று உணர்த்துவன. உண்மையை விரும்பியவரும் அதனை ஓர் அணியின் வாயிலாகவே காட்ட நேர்ந்தது.

பின்லாந்து நாட்டிலே நூர்மார்க்கு என்னும் ஊரில் 1939ஆம் ஆண்டு நிறைவுற்ற மைரேயா மாளிகை மற்றோர் எடுத்துக்காட்டு. அல்வார் ஆல்ற்றோவும் அவர் மனைவியாராகிய ஐனோ ஆல்ற்றோவும் வகுத்த வீடு அது. அதன் கூடத்தில் நிற்கும் உருக்குத் தூண்கள் கருநிறம் பூசப்பெற்றவை. அவற்றுட் சிலவற்றின்மேற் பிரம்பு சுற்றப்பட்டுள்ளது. பிரம்பு தூண் முழுவதையும் மூடவில்லை. அடியிலும் முடியிலும் கரிய உருக்கு வெளித்தோன்றுகின்றது. கை படும் இடத்தில் குளிர்ந்த இரும்பு இல்லை, இளஞ்சூடான பிரம்பு உண்டு. படிக்கட்டின் அருகே நிரையாக நாட்டிய மரக்கம்பங்களோடு சேர்த்து நோக்குவார்க்கு, வெளியே நிற்கும் பைன்மரக் காடே உள்ளே வந்து நிற்பது போலத் தோன்றும். உள்ளே இருப்பது இரும்பு என்பதை அவ்வீடு எவர்க்கும் ஒளிக்கவில்லை. இரும்பை மனிதர் வாழ்க்கைக்கு இசைவித்தது.

இவற்றை நோக்கினால், தூணைப் போர்த்துதல் குற்றமன்று என்பது தெளிவாகும். குற்றம் புகும் இடம் வேறு. நிலவறை என்பது ஈரம் தங்கும் இடம். நிலத்தின் நீர் கொங்கிறீற்றுத் தளத்தினூடே மெல்ல மேலேறும். வெள்ளம் புகும் காலமும் உண்டு. இரும்புத் தூணின் அடி, தளத்தைத் தொடும் இடத்திலேதான் முதலில் துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பினும் மிகுந்த இடத்தைக் கொள்வது. ஆதலாற் பொருக்கு எழுந்து பூச்சு உரியும். இந்த அடையாளத்தைக் கண்டவர் உரியவரை அழைத்துச் சீர்செய்யலாம். மூடியவர் காணமாட்டார். அழகிய மரத்தூண் வெளியே பளபளக்க, உள்ளே குழாயின் அடி ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டிருக்கலாம். அவ்வறையில் வாடகைக்கு இருப்பவர்க்கோ, பின்னர் அவ்வீட்டை விலைக்கு வாங்குபவர்க்கோ இதனை அறிய வழியில்லை. பழுதைக் கண்ட பின்னும் அதனைத் திருத்தாது, விலை கருதி மரத்தால் மூடுபவர் செய்வது அலங்காரமன்று. பிறர் உயிரைப் பணயம் வைக்கும் வஞ்சனை.

ஆதலின் இவ்வேலையை முறையோடு செய்பவர், பலகையை அறுக்குமுன் தூணைச் சோதிப்பர். தூக்குநூல் பிடித்து, அது நேராக நிற்கின்றதா என்று பார்ப்பர். அடியிலே துரு உளதா, சுற்றிலும் தளம் வெடித்துள்ளதா, மேலே உத்தரம் தூணின் தலைத்தகட்டின்மேல் நன்கு அமர்ந்துள்ளதா என்று நோக்குவர். மேலீடான துருவாயின் சுரண்டித் துடைத்துத் துருக்காப்புப் பூச்சு இடுவர். குழாயின் கனம் குறைந்திருப்பினும், தூண் சாய்ந்திருப்பினும், தளம் அமிழ்ந்திருப்பினும், பொறியியலாளர் ஒருவர் கண்டு கூறும்வரை மேற்கொண்டு எதனையும் செய்யார். சில தூண்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உண்டு. உறை நன்கு பொருந்தவில்லை என்பதற்காக அத்திருகைத் தொடுதல் பெருந்தவறு.

உறை அமைக்கும் முறைகள் பல. நான்கு பலகைகளைப் பெட்டிபோற் சேர்ப்பது எளிய முறை. உள்ளே குடைந்த உருண்டைத் தூணை இரு பாதியாகப் பிளந்து, இரும்பைச் சுற்றி மீண்டும் பொருத்துவது மற்றொன்று. எம்முறையாயினும், பாரம் தாங்கும் குழாயிலே துளையிடுதல் ஆகாது. குழாயைச் சுற்றி மரக்கட்டைகளைப் பட்டியால் இறுக்கியோ பசையால் ஒட்டியோ, அக்கட்டைகளிலேயே பலகையைப் பொருத்துதல் வேண்டும். நான்கு பலகைகளுள் ஒன்றை ஆணியால் அறையாது திருகாணியாற் பிணித்துவிட்டால், வேண்டும்போது கழற்றி உள்ளே பார்க்கலாம். இச்சிறு ஏற்பாடு, மேலே கூறிய ஐயம் பெரிதையும் தீர்ப்பதாகும்.

மரத்தின் இயல்பையும் மறத்தலாகாது. மரம் ஈரத்தை ஏற்று விரியும், உலர்ந்து சுருங்கும். கோடையிலே ஈரக்காற்றும், பனிக்காலத்திலே வீட்டைச் சூடாக்குவதால் வறட்சியும் மாறிமாறி வரும் அந்நாட்டில் இவ்வசைவு மிகுதி. ஆகவே நன்கு உலர்ந்த மரத்தையே கொள்ளவேண்டும். அதன் அடி தளத்தைத் தொடாதவாறு ஈரம் ஏறாத சிறு துண்டுகளின்மேல் நிறுத்தவேண்டும். நம்நாட்டுத் தச்சர் மரத்தூணை மண்ணில் ஊன்றாது கல்லின்மேல் நிறுத்துவதும் இக்கருத்துப் பற்றியே. உறையின் தலையும் மேலேயுள்ள உத்தரத்தை முட்டலாகாது. கால் அங்குல இடைவெளியேனும் விட்டு, அதனை ஒரு மெல்லிய சட்டத்தால் மறைத்துவிடலாம். முட்டினால், தளம் சிறிது தாழும்போது அலங்காரத்துக்கு நின்ற மரத்தின்மேற் சுமை ஏறி, பலகை பிதுங்கி வெடிக்கும்.

தீயைப்பற்றியும் ஒரு சொல். உருக்கு எரிவதில்லை, ஆயினும் சதம அளவையில் ஏறக்குறைய 550 பாகையில் தன் வலிமையிற் பாதியளவை இழந்துவிடும். தடித்த மரமோ புறத்தே கரியாகி, அக்கரியே உள்ளிருக்கும் மரத்துக்குச் சிறிது காலம் காப்பாகும். இதனைக் கேட்டு, மெல்லிய அலங்காரப் பலகை இரும்பைத் தீயினின்றும் காக்கும் என்று எவரும் நம்பியிருத்தல் ஆகாது. தீக்காப்பு வேண்டுமிடத்து, உறைக்கு உள்ளே அதற்குரிய தீக்காப்புப் பலகைகளை அவ்வூர்க் கட்டடச் சட்டம் கூறியவாறு இட்டே மரத்தை மேலிடல் வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பின், அந்நிலவறைத் தூண் வீட்டினர் விரும்பிச் சாய்ந்திருக்கும் ஒரு பொருளாகிவிடும். அதன் நடுவில் ஒரு தட்டுப் பொருத்தி நூல்களை அடுக்குவோரும் உளர். பிள்ளைகளின் உயரத்தை ஆண்டுதோறும் அதிலே கோடிட்டுக் குறிப்போரும் உளர். ஆண்டுக்கொருமுறை, மழையும் பனியுருக்கமும் மிகுந்த வசந்த காலத்தின் பின், திருகாணிகளைக் கழற்றி ஒரு பலகையை எடுத்து, கைவிளக்கின் ஒளியில் இரும்பின் அடியை நோக்கி மீண்டும் மூடுவதற்குக் கால்மணி நேரம் போதும். தொலைநாட்டில் நிலவறை வாழ்வு வாழும் உற்றார் உறவினரைக் கொண்ட நேயர்கள், அடுத்த முறை அவர்களோடு உரையாடும்போது, அத்தூணின் நலத்தையும் ஒருமுறை வினவுதல் நன்று.