டானிக் குடித்தும் ரத்தம் ஏறவில்லையா?



சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பில் கூலி வேலை செய்யும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். வயது 50. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு கூடை தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்துவிட்டது. கால் வீங்குகிறது. "உடம்பில் ரத்தம் இல்லை" என்கிறார்கள். மூன்று மாதம் டானிக் குடித்தார். கீரை சாப்பிட்டார். ரத்தம் ஏறவில்லை.

ஏன்?

ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். 'ரத்தம் ஊறட்டும்' என்று மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்புவது யார்? சிறுநீரகம்! சிறுநீர் பிரிப்பது மட்டும் அதன் வேலை இல்லை. எரித்ரோபாய்ட்டின் என்ற பொருளையும் அது சுரக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். வேலை தெரிந்தால் போதும்.

இந்தப் பொருள்தான் மேஸ்திரி. இரும்புச்சத்து செங்கல். மேஸ்திரி வராமல் செங்கல் மட்டும் குவிந்தால் சுவர் எழும்புமா? சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்போது இந்தச் சுரப்பு குறையும். ரத்தமும் குறையும்.

சோகை எல்லாமே இப்படி வருவதில்லை. பலருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம். எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடம் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும்.

1977-ல் அமெரிக்காவில் கோல்ட்வாசர் என்ற விஞ்ஞானியின் குழு எரித்ரோபாய்ட்டினைப் பிரித்தெடுத்தது. எதிலிருந்து தெரியுமா? ஜப்பானில் சோகை நோயாளிகளிடம் சேர்த்த சுமார் 2,500 லிட்டர் சிறுநீரிலிருந்து! 1989-ல் அங்கே அது ஊசி மருந்தாக அனுமதி பெற்றது. இன்று நம் ஊரிலும் அந்த ஊசி உண்டு.

திருப்பதியில் தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி 1993 முதல் நடக்கிறது. அங்கே சிறுநீரகத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம்.

அந்தக் கூலியாளின் மகன் டாக்டரிடம் என்ன கேட்பான்? "அப்பாவுக்கு ரத்தம் ஏற்றிவிடலாமே சார்?" என்பான். அவசரம் என்றால் ஏற்றுவார்கள். அடிக்கடி ஏற்றினால், பின்னால் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகலாம். அதனால் முதலில் இரும்புச்சத்தைச் சரி செய்வார்கள். பிறகுதான் ஊசி.

ஊசி போட்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஹீமோகுளோபின் 13-க்கு மேல் போனால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். பத்து, பதினொன்று இருந்தாலே பெரும்பாலும் போதும். ஆகவே "இன்னொரு ஊசி போடுங்கள்" என்று நாமாகக் கேட்கக் கூடாது. ஊசிக்குப் போகும் நாளில் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.