ஐந்தாம் வகுப்பில் தோல்வி: யாருடைய தோல்வி?

(காட்கோபரில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



மகாராஷ்டிரத்தில் 2023-24 கல்வியாண்டு முதல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஆண்டிறுதித் தேர்வு நடத்தப்படுகிறது. தேறாத குழந்தைக்கு மறுதேர்வு உண்டு; அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் மீண்டும் அமர வேண்டும். இம்முடிவை உழைக்கும் பெற்றோர் பலரே வரவேற்கின்றனர் என்பதை மறைக்கத் தேவையில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையை எட்டாம் வகுப்பு வரை தள்ளிவிடுவதால் என்ன பயன் என்று காமராஜ் நகரிலோ அசல்பாவிலோ ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. இடதுசாரி ஆசிரியர்களிடையேயும் இதே கருத்துடையோர் உள்ளனர். அக்கேள்விக்கு விடை கூறாமல் தேர்வு கூடாது என்று மட்டும் முழங்கினால் யார் செவிமடுப்பார்?

விடை சட்டத்திலேயே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரை எக்குழந்தையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. ஊரெல்லாம் அறிந்தது இந்தப் பிரிவைத்தான். ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக்கியது. 29ஆம் பிரிவு, தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டைக் கோரியது. மூன்றும் சேர்ந்தால்தான் பொருள் முழுமை பெறும். மதிப்பீடு என்பது நோயறியும் சோதனை. கூடுதல் கற்பித்தல் மருந்து. நிறுத்தி வைக்காமை நோயாளியை வெளியே தள்ளாதிருக்கும் உறுதி.

நடந்தது என்ன? நிறுத்தி வைக்காதிருப்பதற்குக் காசு செலவில்லை. கூடுதலாகக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், நிதி வேண்டும். அரசுகள் செலவில்லாத பாதியை நிறைவேற்றிவிட்டு மறுபாதியைக் காகிதத்தில் விட்டன. அதன் விளைவாகக் குழந்தைகள் கற்காமல் போனபோது, குற்றம் 16ஆம் பிரிவின் தலையில் சுமத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அரசுகளுக்கு வழங்கியது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கான விதிகளையும் அவ்வாறே மாற்றியது. தோற்ற குழந்தைக்குக் கூடுதல் கற்பித்தல் அளித்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு என்கிறது அத்திருத்தம். ஐந்தாண்டுகளில் கொடுக்காததை இரண்டு மாதத்தில் கொடுப்பார்களாம்!

நிறுத்தி வைக்கப்படுவது யார் என்பதுதான் வர்க்கக் கேள்வி. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். ரமாபாய் அம்பேத்கர் நகரிலும் காமராஜ் நகரிலும் மறுகட்டுமானத்துக்காக வீட்டைக் காலி செய்து, வாடகைக்கு வேறிடம் தேடும் குடும்பத்தின் குழந்தைக்கு வீட்டோடு பள்ளியும் மாறிவிடுகிறது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துவது பெருமைக்குரியதுதான். ஆயினும் தொடக்க வகுப்புகளைத் தமிழில் படித்த பிள்ளை, மேல் வகுப்பில் வேறு பயிற்றுமொழிக்கு மாற நேர்ந்தால் அந்தத் தாவலுக்கு உதவ யாருமில்லை. இக்குழந்தைகளின் விடைத்தாளில் விழும் சிவப்பு மை எதை அளக்கிறது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. மதிப்பெண்ணைத் தளர்த்துவதெல்லாம் சமத்துவம் ஆகிவிடாது. 2010இல் மாநில வாரிய மாணவர்களின் சிறந்த ஐந்து பாடங்களை மட்டும் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்குக் கணக்கிடும் முறையை மகாராஷ்டிர அரசு கொண்டுவந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது, உச்சநீதிமன்றம் ஏற்றது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை ஒரே தட்டில் நிறுக்க முடியாது என்ற உண்மையையாவது அது ஒப்புக்கொண்டது. 2024இல் வெளியான மாநிலப் பாடத்திட்டக் கட்டமைப்பின் முன்மொழிவு வேறு வகை. பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல் பாடங்களில் 35 எடுக்காவிட்டாலும் 20 எடுத்தால் மேலே செல்லலாம். ஆனால் இனி அப்பாடங்களைப் படிக்க இயலாது என்ற குறிப்பு சான்றிதழில் இடம்பெறும். கருணை போலத் தோன்றும் இந்த ஏற்பாடு, தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்குப் பொறியியலின் கதவைப் பதினைந்து வயதில் சாத்துகிறது.

வரலாறும் எச்சரிக்கிறது. புரட்சிக்குப் பின் 1918 மே மாதத்தில் சோவியத் கல்வி ஆணையம் மதிப்பெண்களையே ஒழித்தது. 1930களில் அவை திரும்பி வந்தன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பொதுப்பள்ளிகளில், வீட்டுப்பாடத்தையும் வருகையையும் இறுதி மதிப்பெண்ணில் சேர்க்காத 'சமநீதி மதிப்பீடு' முறையைக் கொண்டுவர முயன்றவர்கள், எதிர்ப்பு வெடித்ததும் 2025 மே மாதத்தில் பின்வாங்கினர். பெற்றோரைக் கலந்து பேசாமல், வகுப்பறையை வலுப்படுத்தாமல் அளவுகோலை மட்டும் மாற்றும் சீர்திருத்தத்துக்கு ஆயுள் குறைவு.

தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறிவிப்பு, ஆசிரியர், மாணவர், பெற்றோர் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரி 4 அன்று கைவிடப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை என்பதை உறுதிசெய்தது. மும்பையில் அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. தமிழ்க் குடியிருப்புகளிலும் பேச்சே இல்லை.

தொடங்குவதற்கு இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். கிளைத் தோழர்களின் குடும்பத்தினர் பலர் இக்குழுக்களில் இடம்பெற முடியும். இவ்வாண்டுத் தேர்வுக்கு முன் ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் மூன்று விவரங்களை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும்: காலியாக உள்ள ஆசிரியர் இடங்கள் எத்தனை, 24ஆம் பிரிவின்படி கூடுதல் கற்பித்தல் பெற்ற குழந்தைகள் எத்தனை பேர், அது எத்தனை மணி நேரம். இவ்விவரங்களைத் தராத பள்ளியில் ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்றைக்கூட நிறுத்தி வைக்கக் கூடாது என்ற கோரிக்கையோடு மாநகராட்சியின் வார்டு அலுவலகத்துக்குச் செல்லலாம். மராத்தி, இந்தி, உருது வழிப் பள்ளிப் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.