பழைய நண்பரும் கீரிமலைக் கடலும்

விருந்தினர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் முதல் நாள் பேச்சிலே கழியும், இரண்டாம் நாள் கோயில் தரிசனம், மூன்றாம் நாள், "கடற்கரைக்கு ஒருக்கால் போய்வருவோமா?" என்ற கேள்வி எழும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இஃது எழுதப்படாத விதி. எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் கடல் தொலைவில் இல்லை. ஆகவே காரைநகர்க் கசூரினாக் கரையோ, பருத்தித்துறை முனையோ, காங்கேசன்துறையோ, கீரிமலையோ வந்தவரின் விருப்பத்துக்கேற்ப முடிவாகும்.

வருபவர் புதிய அறிமுகமாயின் இதில் சிக்கல் எதுவுமில்லை. இடத்தைக் காட்டலாம், கதையைச் சொல்லலாம், உண்டு மகிழ்ந்து திரும்பலாம். ஆனால் நெடுநாளைக்கு முன் ஊரை விட்டுச் சென்ற பழைய நண்பர் தம் குடும்பத்துடன் வந்தால் நிலைமை வேறு. அவர் உள்ளத்தில் ஒரு கடற்கரை இருக்கிறது. அது அவர் புறப்பட்ட நாளிலே கண்ட கரை. இங்கே தங்கியவர் நாள்தோறும் காண்பது மற்றொரு கரை. இவ்விரண்டுக்கும் இடையில் நடந்தவற்றை யார் சொல்வது, எப்பொழுது சொல்வது என்பதே அன்றைய பயணத்தின் உண்மையான வினா.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோண்டாவிலில் வாழ்ந்துவரும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்; அவருடைய மனைவி; புவியியல் ஆசிரியரான மகன்; பத்து வயதுப் பேரன். அவர்கள் வீட்டுக்கு 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கனடாவிலிருந்து ஒரு நண்பர் வந்தார். அவரும் தபாலதிபரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நண்பரின் ஊர் மயிலிட்டி. அவருடைய தந்தையார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் காலமானவர். நண்பர் 1988இல் நாட்டை விட்டுச் சென்றார். தாயார் மட்டும் மயிலிட்டியில் தங்கினார்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் கையிலெடுத்ததுடன் வெளியேறினர். அவ்வன்னையார் கோண்டாவிலுக்கு வந்து தபாலதிபரின் வீட்டிலே ஐந்து ஆண்டுகள் இருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்தக் கூட்டத்தில் இக்குடும்பமும் அன்னையாரும் இருந்தனர். மறுவருடம் தை மாதத்தில் கொடிகாமத்தில் அவர் காலமானார்.

"கடமைகளை முடித்து அஸ்தியைக் கடலில் கரைத்தோம்" என்று தபாலதிபர் எழுதிய கடிதம் பல மாதங்களின் பின் நண்பருக்குக் கிடைத்தது. "அம்மா கீரிமலையிற் சேர்ந்தா என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்" என்று அவர் பதில் எழுதினார். கீரிமலை என்ற சொல் தபாலதிபரின் கடிதத்தில் இல்லை. நண்பரின் மனமே அதை இட்டு நிரப்பியிருந்தது. அன்று கீரிமலை பொதுமக்கள் செல்ல முடியாத பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. உண்மையில் அஸ்தி கரைக்கப்பட்டது கொடிகாமத்துக்குத் தெற்கே, கச்சாய்க் கரையில். மறுத்து எழுதத் தபாலதிபருக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்ட ஒரு வரி இருபத்தெட்டு ஆண்டுகள் அப்படியே நின்றது.

இந்நிலையில்தான் கடற்கரைப் பயணம் ஏற்பாடாயிற்று. "கீரிமலையில் அம்மாவைக் கரைத்த இடத்தில் முழுக வேண்டும்" என்றார் நண்பர். தபாலதிபரின் மனைவி கணவரை ஒரு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

விடியற்காலையில் வான் ஒன்று வந்து நின்றது. வாழையிலையிற் கட்டிய புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, ஒரு பேணி நிறையப் பருத்தித்துறைத் தட்டை வடை, சுடுநீர்ப் போத்தலில் தேநீர் ஆகியன ஏற்றப்பட்டன. கோயிலும் தீர்த்தமும் உள்ள இடத்துக்குப் போவதால் உணவு சைவமாகவே அமைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதி இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என ஊர்களைக் கோத்துச் செல்வது. ஒவ்வோர் ஊரையும் நண்பர் தாமே முந்திச் சொன்னார். மகள் அவற்றைத் திருப்பிச் சொல்லிப் பழகினாள். இருபத்தைந்து வயது நிரம்பிய அப்பெண் தமிழைத் தெளிவாகப் பேசினாலும், இவ்வூர்களைக் காண்பது அதுவே முதல் தடவை.

முதலில் காங்கேசன்துறை. 1905ஆம் ஆண்டு தொடக்கம் புகையிரதப் பாதை முடிவடையும் இடம் இதுவே. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இங்கு வந்து நின்ற காலத்தை நண்பர் நினைவுகூர்ந்தார். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015ஆம் ஆண்டு தை மாதத்தில் இந்நிலையத்துக்கு மீண்டும் வந்தது. புதிய மேடையில் நின்று படம் எடுத்தனர். 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை அவ்வாறு மீளவில்லை. 1990இல் உற்பத்தி நின்ற அத்தொழிற்சாலையின் எஞ்சிய கட்டடங்களைத் தொலைவிலிருந்து காட்டி, "என் அப்பா சைக்கிளில் இங்கேதான் வேலைக்கு வருவார்" என்று நண்பர் மகளுக்குச் சொன்னார்.

அடுத்து மயிலிட்டி. வடகரையில் மீன்பிடிக்குப் பேர்போன இத்துறைமுகமும் அதனைச் சூழ்ந்த காணியில் ஒரு பகுதியும் இருபத்தேழு ஆண்டுகளின் பின் 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டன. துறைமுகத்திலே படகுகள் நிறைந்திருந்தன. வீடு இருந்த காணியிலோ கிணற்றுக் கட்டும் படிக்கல் இரண்டும் மட்டுமே எஞ்சியிருந்தன. நண்பர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. அவர் பேசவில்லை; மற்றவர்களும் பேசச் சொல்லவில்லை.

பின்னர் மாவிட்டபுரத்துக்கு வந்து மேற்கே திரும்பிக் கீரிமலையை அடைந்தனர். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார் என்பதும், குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு முழுகி நோய் நீங்கினாள் என்பதும் ஐதீகம். குதிரை முகம் நீங்கிய இடமாதலால் மாவிட்டபுரம் என்ற பெயர் வந்ததாகவும் கூறுவர். ஈழத்தின் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றான நகுலேஸ்வரம் அருகிலே இருக்கிறது. போரிற் சேதமுற்ற கோயில் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. ஆடியமாவாசையன்று தந்தையை இழந்தோர் ஆயிரக்கணக்கில் இங்கு தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்வர்.

நண்பரின் மகளுக்கு வியப்பைத் தந்தது வேறொன்று. கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மதில்தான் இருக்கிறது. மதிலுக்கு அப்பால் உப்புநீர், இப்பால் நன்னீர். இஃது எப்படி என்று அவள் கேட்டாள்.

புவியியல் ஆசிரியர் விளக்கினார்: "குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். அதிலே பிளவுகளும் குகைகளும் நிறைய உண்டு. மழைநீர் அவற்றினூடாக இறங்கி, நிலத்தின் கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதே காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அந்த நீர் கரையை நோக்கி ஊர்ந்து வந்து இங்கே ஊற்றாக வெளிப்படுகிறது. மேலேயுள்ள ஊர்களில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர் மட்டம் தாழும். கீழிருந்து உப்பு ஏறும்."

"அப்படியென்றால் எங்கள் மயிலிட்டிக் கிணற்றுத் தண்ணீரும் இதே தண்ணீர்தானா?" என்று அவள் கேட்டாள்.

"வெவ்வேறு கிணறு; ஆனால் ஒரே கல்லுக்குள் நிற்கும் தண்ணீர்" என்றார் ஆசிரியர்.

பேரன் அதற்குள் கேணியிற் குதித்துவிட்டான். நண்பர் மேற்சட்டையைக் கழற்றிப் படியிலே வைத்து, கடலைப் பார்த்தவாறு, "எந்தப் பக்கம் கரைத்தாய் மச்சான்?" என்று கேட்டார்.

தபாலதிபர் அவருக்குப் பக்கத்திலே படியில் அமர்ந்தார். "இங்கே இல்லை" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். கொடிகாமத்தில் ஒரு பாடசாலை மண்டபத்திலே இருந்தபோது அன்னையாருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். பந்தலும் இல்லை, பறையும் இல்லை. அயலில் இருந்தவர் நால்வர் தோள் கொடுத்தனர். மகனாக நின்று கொள்ளி வைத்தவர் தபாலதிபரே. அஸ்தியை ஒரு முட்டியில் இட்டு, வெள்ளைத் துணியாற் கட்டி, சைக்கிளிற் கொண்டுபோய்க் கச்சாய்க் கரையில் முழங்கால் ஆழத் தண்ணீரிற் கரைத்தார்.

"கீரிமலை என்று நீதான் எழுதினாய். இல்லையென்று எழுத என்னால் முடியவில்லை."

நண்பர் வெகுநேரம் பேசாதிருந்தார். அவர் குரலிற் கோபம் இருந்தது. "இத்தனை வருடமும் கண்ணை மூடினால் இந்தப் படிதான் எனக்குத் தெரியும். நான் பிழையான இடத்தைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன்."

தபாலதிபர் மறுமொழி சொல்லவில்லை. அப்போது நண்பரின் மனைவி முன்வந்து, "அண்ணை, கடைசி நாட்களில் அம்மா என்ன கதைத்தவா?" என்று கேட்டார்.

பதில் சொன்னவர் தபாலதிபரின் மனைவி: "காய்ச்சலுக்குள்ளும் ஒரே கேள்விதான். கிணற்றடி எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டாச்சோ என்று கேட்பா. விட்டாச்சு அம்மா என்று சொல்வேன். பிறகு நித்திரையாகிவிடுவா."

மயிலிட்டியிலே எலுமிச்சை இருக்கவில்லை என்பதை எல்லோரும் கண்டிருந்தனர். நண்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொள்ளி வைத்தவன் நீ. அதையும் நீ எழுதவில்லையே" என்றார். இருவரும் ஒன்றாகவே கேணியில் இறங்கி முழுகினர். கரையேறியதும், "நாளைக்குக் கச்சாய்க்குப் போவோம்" என்றார் நண்பர். அதன் பின்னரே வாழையிலைகள் பிரிக்கப்பட்டன.

மறுநாள் சென்றனர். கச்சாயிலே தீர்த்தப் படிகள் இல்லை, ஈச்சரமும் இல்லை. ஆழமில்லாத கடல்நீரேரியில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். நண்பரும் மகளும் முழங்கால் ஆழம்வரை நடந்துசென்று சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தனர்.

நேயர்களே, இத்தகைய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆண்டுதோறும் விடுமுறைக்கு வருவோர் தொகை சிறிதன்று. பலாலி விமான நிலையத்தின் சர்வதேச சேவை 2019இலும், நாகபட்டினத்துக்கான கப்பற் சேவை 2023இலும் தொடங்கியமை வழிகளை மேலும் கூட்டியுள்ளன. வருவோரைக் கரைக்கு அழைத்துச் செல்வோர் சில செய்திகளை மனங்கொள்ளுதல் நன்று.

தங்கியவர், சென்றவருக்குத் துன்பம் தெரியாது என எண்ணுகிறார். சென்றவர், தம்மிடமுள்ள பணத்தையன்றி வேறெதையும் இங்குள்ளோர் காண்பதில்லை என எண்ணுகிறார். இரண்டு எண்ணங்களும் ஒரே வானிலே அருகருகே அமர்ந்து செல்கின்றன. அவற்றை இறக்கிவைக்க விருந்துமேசை பொருந்தாது. அங்கே உபசாரம் பேச்சை மூடிவிடும். கடற்கரையில் அவசரம் இல்லை, முகத்தை முகம் பார்த்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே அங்கே கேட்கத் தகுந்ததைக் கேட்கலாம். சொல்லத் தகுந்ததைச் சொல்லலாம்.

ஆறுதலாக இருக்கட்டும் என்று விட்டுவைத்த மௌனம் நல்லெண்ணத்தாற் பிறந்ததாயினும், அது நண்பருக்குரிய ஒன்றை அவரிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறது. தாய் எங்கே சேர்ந்தாள் என்பது மகனுக்குரிய செய்தி. கோபம் வரினும் அதனை அவரிடம் ஒப்படைத்தலே நட்பின் கடமை. பிள்ளைகளையும் அப்பேச்சிலிருந்து விலக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் கற்றுச் செல்லும் பிள்ளைக்கும், அவ்வூர்களில் யார் யாருக்குத் தோள் கொடுத்தார் என்பதையும் அறிந்து செல்லும் பிள்ளைக்கும் வேறுபாடு பெரிது.

அடுத்த தடவை பழைய நண்பர் ஒருவர் வந்து கடற்கரைக்குப் போவோமா என்று கேட்டால், உணவைக் கட்டுங்கள்; பிள்ளைகளுக்கு மாற்றுடை எடுங்கள்; கடலில் இறங்குமுன் நீரோட்டத்தை அவ்வூரவரிடம் விசாரியுங்கள். அவற்றோடு, இதுவரை சொல்லாமல் வைத்திருக்கும் செய்தி ஏதும் உண்டாயின் அதையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.